வலது பக்கம் குத்திய மெடல்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். மூத்தவளுக்கு அது அப்படியே பலித்தது.

தம்பி கேட்டது சின்ன வேலைதான். அப்பாவின் மெடலைக் கொஞ்சம் துடைத்துக் கொடு, முன்னாள் படைவீரர் சங்க மண்டபத்தில் அவர் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள் என்றான். அதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஏலக்கூடத்தில் பழைய மெடல், தொப்பிச் சின்னம், தோள்பட்டைப் பித்தளை எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் போகும். யாருக்குக் கொடுத்தது, எந்தச் சண்டைக்குக் கொடுத்தது, அசலா போலியா என்று தோண்டித் துருவி நாலு வரி எழுதிக் கொடுப்பாள். அந்த நாலு வரியை நம்பித்தான் சேகரிப்பவர்கள் கையைத் தூக்குவார்கள். அங்கே அவளுக்கு ‘லென்ஸக்கா’ என்று பெயர்.

ஊரார் வீட்டு மெடலையெல்லாம் உருட்டிப் பார்த்தவள், சொந்த அப்பாவின் மெடலைக் கையில் வாங்கியதே இல்லை. அப்பா கொடுத்ததில்லை. அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, போன வாரம்தான் முதல்முறையாக அது அவள் உள்ளங்கைக்கு வந்தது. வந்ததும் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். தொழில்புத்தி எங்கே போகும்?

விளிம்பில்தான் அந்த மெடலை வாங்கிய சிப்பாயின் எண்ணும் பெயரும் அடித்திருப்பார்கள். அப்பாவின் மெடலில் விளிம்பு மொட்டையாக இருந்தது. யாரோ அரம் போட்டு, அவசரமில்லாமல், சுற்றிலும் ராவியிருந்தார்கள்.

ராவின மெடல் என்றால் அந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான் உண்டு. வாங்கியவன் ஒருவன், வைத்திருப்பவன் இன்னொருவன். நடுவில் ஒரு திருட்டோ ஏமாற்றோ இருக்கும்.

தம்பியிடம் மட்டும் சொன்னாள். “நீ வாயைத் திறக்காதே” என்று சொல்லிவிட்டு அவன் வாடகை நாற்காலிக்குச் சொல்லப் போய்விட்டான். விழா இன்று சாயங்காலம். பெட்டியைத் திறக்கும்போது மெடலைப் பற்றி மகளே நாலு வரி படிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஒரு வாரமாக மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஏலக்கூடத்துக்கு வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுத்து போனாலும் அழுத்தம் போகாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு பேச்சு. உளியை வைத்து அடித்த எழுத்து, மேலே தெரிவதைவிட ஆழமாக உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். மேல்தோலை ராவினாலும், விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து வைத்து, மெடலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், ஒரு கோணத்தில் நிழல் மாதிரி எழும்பி வரும். அடுத்த திருப்பலில் காணாமல் போய்விடும்.

திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். கண்ணில் நீர் கோத்தது. யாரோ பின்னால் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. அப்பா அப்படித்தான் நிற்பார். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போது சத்தமில்லாமல் வந்து நிற்பார். திரும்பினால் போய்விட்டிருப்பார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வயதில் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் அது பயம்தான்.

அப்போதுதான் எண் எழுந்து வந்தது. ஒவ்வொரு இலக்கமாக, அரை நொடி காட்டி மறைந்தது. கடைசி இலக்கம் வரை படித்துவிட்டாள். எண்ணுக்கு அடுத்து இருந்த பெயர்தான் பிடிபடவில்லை. அங்கே அரம் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது.

அப்பாவின் படை எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தகரப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். இது அந்த எண் இல்லை.

இந்த இடத்தில்தான் மூத்தவள் ஒரு தப்பு செய்தாள். வேறு யாராக இருந்தாலும் நேரே அம்மாவிடம் போயிருப்பார்கள். இவள் தொழில் பழக்கத்தில் போனை எடுத்துப் ‘பித்தளை’யைக் கூப்பிட்டாள்.

பித்தளை படையின் பேண்டு குழுவில் எக்காளம் ஊதி ஓய்வு பெற்றவர். வீடு முழுக்கத் தொப்பிச் சின்னம் சேர்த்து வைத்திருப்பவர். எந்தப் படைப்பிரிவு, எந்த எண்வரிசை என்று கேட்டால் ஊதுகிற மாதிரியே மூச்சு விடாமல் சொல்வார்.

“ஐயா, ஒரு நம்பர் சொல்றேன். யாருன்னு தெரியுமா பாருங்க” என்று எண்ணைச் சொன்னாள்.

மறுமுனையில் சத்தமே இல்லை. பித்தளை பேசாமலிருந்து அவள் கேட்டதில்லை.

“எங்க பார்த்தீங்கம்மா இந்த நம்பரை?”

“ஒரு மெடல்ல. ராவியிருக்கு. கையில இருக்கு இப்போ.”

“அடக் கடவுளே! லென்ஸம்மா, அந்த நம்பர் எங்க கூட்டத்துல எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பையனோட தங்கச்சி எத்தனையோ வருஷமா அதைத் தேடுறாங்க. எந்தக் கண்காட்சி நடந்தாலும் கைத்தடியை ஊணிக்கிட்டு வந்துருவாங்க. ஒவ்வொரு கடையா நம்பரைச் சொல்லிட்டுப் போவாங்க.”

“அவர் உயிரோட இல்லையா?”

“பாலத்துச் சண்டையில தனி ஆளா நின்னு வாங்கின மெடல் அது. வாங்கின கொஞ்ச நாள்லயே முகாம்ல குண்டு விழுந்து போயிட்டான். முகம் தெரியலையாம். கழுத்துல கிடந்த தகட்டை வெச்சுத்தான் ஆளை அடையாளம் சொன்னாங்க. உடம்பு வீட்டுக்கு வந்துச்சு. மெடல் வரல.”

“பேரு என்னங்கய்யா?”

பித்தளை பெயரைச் சொன்னார்.

அது அவள் தம்பியின் பெயர். அந்தப் பெயரைத்தான் வைப்பேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றாராம். அம்மா வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லையாம். “வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்த மனுஷன் அந்த ஒரு விஷயத்துக்குத்தான்டி சண்டை போட்டார்” என்று அம்மா இன்னமும் சொல்வாள்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா? மெடலை யாரும் விக்கப் போறாங்களா?”

“இல்லைங்கய்யா, சங்க மண்டபத்துல சாயங்காலம்…” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பித்தளைக்கு அது போதும். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போனபோது, அப்பாவின் கோட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தது. அம்மா அதற்கு எதிரில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தோள்கள் இன்னும் அப்பாவின் அகலத்துக்கே நின்றன. கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின. உள்ளே நுழைந்த மூத்தவளுக்கு ஒரு கணம் அப்பாவே உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

“வாடி. மெடலைக் கொண்டாந்தியா? தம்பி சொன்னான், நீ அதைக் கழுவிக் கழுவியே தேய்ச்சுருவேன்னு.”

“துடைக்கவே இல்லம்மா. பழைய மெடலைப் பளபளன்னு ஆக்கக் கூடாது.”

“உன் தொழிலே எனக்குப் புரிய மாட்டேங்குது. அழுக்கா இருந்தா அதிக மதிப்புங்கறே. அப்ப எங்க அடுப்படி கோடி பெறும்.”

சிரிக்க வேண்டிய இடம். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போன நண்பனின் மெடலை உருவி வந்து, அவன் பெயரை ராவிவிட்டு, தன்னுடையது என்று வருடா வருடம் மாட்டிக்கொண்டு போன மனிதரின் கோட்டு அது. காலையிலிருந்து அவள் மனதில் ஓடியது அதுதான். அப்பாவை இப்படி நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கை தானாக மார்புப் பக்கம் போயிற்று. ஊசி குத்திய இடங்கள் சின்னச் சின்னதாகத் தட்டுப்பட்டன. வருடத்துக்கு ஒரு குத்து. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதில் துணி நைந்திருந்தது.

எல்லாம் வலது பக்கம்.

இடது பக்கம் தடவினாள். புதுத் துணி மாதிரி வழவழவென்று இருந்தது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த அப்பாவின் பழைய சின்னப் படத்தைப் பார்த்தாள். அதிலும் மெடல் வலது மார்பில்தான் இருந்தது. இத்தனை நாள் ஸ்டூடியோக்காரன் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்று நினைத்திருந்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கோட்டு பொய் சொல்லாது.

“அம்மா, அப்பா மெடலை எந்தப் பக்கம் குத்திக்குவார்?”

“அதை ஏன் கேக்கறே? நான் இடது பக்கம்தான் குத்தி விடுவேன். எல்லாச் சிப்பாயும் அப்படித்தானே குத்தறான்? தெருமுனை திரும்பறதுக்குள்ள கழட்டி வலப்பக்கம் மாத்திக்குவார். ஏங்கன்னு கேட்டா, ‘அந்தப் பக்கம் பாரமா இருக்கு’ம்பார். பாரம் எந்தப் பக்கம் குத்தினாலும் ஒண்ணுதானே? பிடிவாதம்!”

மூத்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

தான் சம்பாதித்த மெடலை இடது மார்பில் குத்துவார்கள். செத்துப்போன சிப்பாயின் மெடலை அவன் ரத்த உறவு குத்திக்கொண்டால், வலது மார்பில். படைக்காரர்கள் பார்த்தவுடனே புரிந்துகொள்கிற வழக்கம் அது. இதை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஆக, அப்பா பொய் சொல்லவில்லை. இது செத்தவனுடையது, என்னுடையது இல்லை என்று ஒவ்வொரு வருடமும் நெஞ்சில் எழுதிக்கொண்டுதான் நடந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. அவளுக்குக்கூட. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது. பாதியிலேயே அது நின்றும் போனது. ரத்த உறவு என்றால்? அப்பாவுக்கு ஒருவரும் இல்லையே. எனக்கு அப்பன் ஆத்தா உடன்பிறப்பு யாரும் கிடையாது என்று சொல்லித்தானே அம்மாவைக் கட்டினார்?

“சங்கத்துக்காரங்க யாரும் இதைப் பார்த்துக் கேக்கலையாம்மா?”

“சங்கத்துப் பக்கம் அவர் தலை வச்சுக்கூடப் படுத்ததில்லையே! வருஷத்துக்கு ஒருநாள் அந்தக் கோட்டை மாட்டுவார், விடிகாலையில ஆத்தோரம் தனியாப் போய் நிப்பார், வந்துருவார். ஒரு கூட்டாளி வீட்டுக்கு வந்ததில்ல.” அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “அதனாலதான்டி நானே தம்பியை விட்டுச் சங்கத்துல கேக்க வெச்சேன், இன்னிக்கு எனக்கு முக்கியம். நாதியில்லாதவனைக் கட்டிக்கிட்டான்னு எங்க பெரியம்மா, சித்தி அத்தனை பேரும் பேசினாங்க. வேரில்லாத மரம்னாங்க. எனக்கு அவங்க முன்னாடி காட்ட இருந்தது அந்த ஒரு மெடல்தான். நாலு பேர் கூடின இடத்துல, என் பொண்ணு வாயால, இது எங்கப்பா வாங்கினதுன்னு நீ சொல்லிடு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

மூத்தவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மெடலைப் பற்றியும் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. அம்மாவும் பிறந்ததிலிருந்து அவளிடம் இதைத் தவிர எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

“சரிம்மா” என்றாள்.

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். விழாவுக்கும் பள்ளிக் காரையே எடுத்து வந்திருந்தான். இரண்டு பக்கமும் பிரேக் உள்ள கார். அம்மாவை முதலில் மண்டபத்தில் இறக்கிவிட்டு, பூமாலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் மூத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள். பெயரைக் கடைசியில் சொன்னாள்.

கார் நடுச்சந்தியில் அணைந்து போனது. ஊருக்கெல்லாம் கிளச்சு மிதிக்கச் சொல்லிக் கொடுப்பவன், சாவியைத் திருகத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஹாரன்கள் அலறின.

“என் பேரா?”

“உன் பேர்தான்.”

“செத்தவன் பேரைச் சொல்லியா என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தார் இவ்வளவு நாளும்?” அவன் கைகள் ஸ்டியரிங்கில் இறுகின. “ராத்திரில என் பேரைச் சொல்லிக் கத்துவாரே, ஞாபகம் இருக்கா? நான் எழுந்து ஓடுவேன். என்னப்பான்னு கேட்டா, ‘உன்னைக் கூப்பிடலை, போய்ப் படு’ம்பார்.”

மூத்தவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஹாரன் சத்தம் தாங்காமல் அவன் வண்டியைக் கிளப்பி ஓரம் கட்டினான். “அக்கா, செத்தவங்க ரெண்டு பேரு. உயிரோட இருக்கறது அம்மா ஒருத்தி. இது ஒருவழிப் பாதை, பாதியில திருப்ப முடியாது. நீ படிச்சிடு.”

“பொய்யைப் படிக்க மாட்டேன்டா. பொய்யில்லாம எழுதியிருக்கேன். பாலத்துச் சண்டையில தனியா நின்ன வீரனுக்குக் கொடுத்த மெடல் இது, எங்க அப்பா இதை உயிர் மாதிரி காப்பாத்தினார்னு முடிச்சிருக்கேன். எல்லாமே நிஜம். கேக்கறவங்க அவங்க இஷ்டத்துக்குப் புரிஞ்சுக்கட்டும்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறே.”

“ஆமா” என்றாள். அவமானமாகத்தான் இருந்தது.

மண்டபம் நீளமாக, உயரமான ஜன்னல்களோடு இருந்தது. நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஆள் வந்தாயிற்று. அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேலே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய அப்பாவின் படம்.

மூத்தவள் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அப்பாதான். ஆனால் அப்பா இல்லை. யாரோ ஒரு அந்நியன் அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. எது சரியில்லை என்று தெரியவில்லை. அந்த மாதிரி முகத்தைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். கண்ணாடியில் என்று நினைத்ததும் அவள் பார்வை கோட்டுப் பொத்தான்களுக்குப் போயிற்று. பொம்பளைக் கோட்டு மாதிரி எதிர்ப்பக்கம் மூடியிருந்தன. மெடல் இடது மார்பில் இருந்தது.

சங்கச் செயலாளர் பெருமையோடு பக்கத்தில் வந்தார். “பார்த்தீங்களா? நீங்க கொடுத்த படத்துல மெடல் வலப்பக்கம் இருந்துச்சு. ஸ்டூடியோக்காரன் திருப்பிப் பிரிண்ட் போட்டுத் தொலைச்சிருக்கான். நான்தான் கண்டுபிடிச்சு, சரியாத் திருப்பிப் போடச் சொன்னேன். இல்லேன்னா இங்க வர்ற சிப்பாய்ங்க என்ன நினைப்பாங்க?”

“ஆமாங்க, என்ன நினைப்பாங்க” என்றாள் மூத்தவள்.

மெடலைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தபோது, கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. வெள்ளைத் தலையோடு ஓர் அம்மாள் நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். பித்தளை அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். மூத்தவளைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு குடும்பம் தேடும் மெடல் கண்ணில் பட்டால் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது சேகரிப்பவர்களுக்குள் எழுதாத சட்டம். அவர் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியிருந்தார். அவரைக் கோபிக்க அவளுக்கு வாயில்லை.

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“கொஞ்சம் கையில தரியாம்மா? எடுத்துட்டுப் போக மாட்டேன்.”

மூத்தவள் கொடுத்தாள். அம்மாள் லென்ஸ் எதுவும் கேட்கவில்லை. ராவின விளிம்பில் பெருவிரலை வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போல மெல்ல ஒரு சுற்றுத் தடவினாள்.

“நம்பரைச் சொன்னாங்க. எங்க அண்ணனோடதுதான். இது உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?”

“எங்க அப்பா… அவர்கூட இருந்தவர்னு நினைக்கிறேன்.”

அம்மாள் நிமிர்ந்து பெரிய படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“சாயல் இருக்கு” என்றாள். “பாவி மனசு, யாரைப் பார்த்தாலும் அண்ணன் மாதிரிதான் தெரியுது. இல்ல. எங்க அண்ணனுக்கு இடது புருவத்துல வெட்டு. சின்ன வயசுல நான் கல்லால அடிச்சது. இவருக்கு வலது புருவத்துல இருக்கு. யாருக்குத்தான் தழும்பு இல்ல, சிப்பாய்ங்கள்ல?”

மூத்தவள் தலை நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

அப்பாவின் தழும்பு இடது புருவத்தில். படம்தான் திருப்பிப் போட்டது.

ராவின பெயர், முகம் தெரியாத உடம்பு, கழுத்துத் தகடு, ராத்திரியில் கத்திக் கூப்பிட்ட பெயர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அப்பா நண்பனின் மெடலைத் திருடவில்லை. அது அவருடைய மெடலேதான். தன் தகட்டைச் செத்துக் கிடந்தவன் கழுத்தில் போட்டுவிட்டு, அவன் எண்ணையும் பெயரையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதை வாங்கியவன் செத்துவிட்டான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அந்தச் செத்தவனுக்கு உறவு என்று வலது பக்கம் குத்திக்கொள்ள அவரைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? தனக்கே துக்கம் அனுஷ்டித்துக்கொண்டு ஆற்றோரம் நின்றிருக்கிறார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘படம் திரும்பியிருக்குங்க.’ இத்தனை வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவளுக்கு அண்ணன் கிடைத்துவிடுவான். அதே வார்த்தையில் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் புருஷன் இல்லாமல் போய்விடுவான். அவள் கட்டிக்கொண்ட பெயரில் ஓர் ஆள் அவளோடு வாழவே இல்லை என்றாகிவிடும்.

மூத்தவள் வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் பொய் சொல்லாதவள் மௌனத்தில் சொன்னாள்.

அம்மாள் மெடலை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். “பத்திரமா வெச்சிருக்கீங்க. உங்க அப்பா நல்ல மனுஷனா இருக்கணும். இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லித் திரும்பினாள். தம்பி மூச்சு விட்டது மூத்தவளுக்குக் கேட்டது.

“எங்க போறீங்க? உக்காருங்க, வந்தவங்க நிக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே அம்மா எழுந்து வந்துவிட்டாள். விருந்தாளியை வரவேற்கும் சிரிப்போடு வந்தவளின் கண் படத்தின் மேல் போனது. வந்த நேரத்திலிருந்து அவளுக்கும் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இப்போது பிடிபட்டுவிட்டது.

“யாருய்யா இந்தப் படத்தை இப்படி மாட்டினது?” அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “அப்பவே நினைச்சேன், என்னமோ போல இருக்காரேன்னு. முழுசாத் திருப்பி வெச்சிருக்கீங்க! அவருக்குத் தழும்பு இடது புருவத்துல. இத்தனை வருஷம் அந்த மூஞ்சியைப் பார்த்தவ நான், எனக்குத் தெரியாதா?”

“அம்மா…” என்றான் தம்பி.

“நீ சும்மா இருடா. சின்ன வயசுல யாரோ கல்லால அடிச்சதுன்னு அவரே சொல்லியிருக்கார்.”

கைத்தடி கீழே விழுந்தது. பித்தளை எடுக்கக் குனிந்தார். அந்த அம்மாளுக்கு அது தெரியவில்லை. அவள் கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். முன்பின் தெரியாதவள் தொடுகிறாளே என்று அம்மா விலகவில்லை. என்ன ஏதென்று புரியாமல் மகளைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அண்ணி” என்றாள் அந்த அம்மாள். “அப்போ, எங்க அண்ணன்னு நாங்க வருஷா வருஷம் பூ வெச்சு அழறோமே, அந்தக் கல்லறையில படுத்திருக்கிறது யாரு அண்ணி?”